பழைய ஆர்எக்ஸ் 100 மேல் ஏன் இத்தனை பைத்தியம்?

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன, வெறும் 98 சிசி யமஹா வண்டியைத் தேடி ஆட்கள் இன்னும் ஏன் அலைகிறார்கள்?

முக்கியக் காரணம், எடை குறைவு. வண்டியின் ஒவ்வொரு கிலோவையும் தள்ள எஞ்சினிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இதில் 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையோடு சைக்கிள் மிதித்துவிட்டு, மூட்டையை இறக்கி வைத்து மறுபடி மிதித்துப் பாருங்கள், கால் அதே கால்தான், ஆனால் சைக்கிள் துள்ளும், திருப்பினால் சொன்னபடி கேட்கும், பிரேக் பிடித்தால் சட்டென்று நிற்கும்.

அப்புறம் அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் சுற்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரியும், இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் போன்ற பாகங்களும் கிடையாது, அதனால் எஞ்சினும் சின்னது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஒரு நொடி தயங்கி, பிறகு அந்தக் கணகண சத்தத்தோடு ஆளைப் பின்னால் இழுக்கும் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பைத்தியம்! (ஆயில் எரிந்த புகை நாற்றம்கூடச் சிலருக்கு வாசனை.)

1957-ல் இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரும் எடை குறைவில் இதே ரகம், ஏறக்குறைய அரை டன்தான்.

பலர் நினைப்பதுபோல இது அதிவேக வண்டி இல்லை. எடை குறைந்தால் கிளம்பும் வேகம்தான் கூடும், நேர் ரோட்டில் காற்றை எதிர்த்து ஓட பலம் வேண்டும், அங்கே இன்றைய 150 சிசி வண்டி சாதாரணமாக முந்திவிடும்.