மணல்மேட்டில் அரை நாள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நமீபியாவின் கடலோர ஊரான ஸ்வாகோப்மண்ட் பற்றி நாலு வரிக் குறிப்பு ஒன்று வந்தது. பாலைவனத்தில் அரை நாள், க்வாட் பைக் என்னும் நாலு சக்கர வண்டி, ஒட்டகச் சவாரி, நம் தென்னாப்பிரிக்க ரேண்டே அங்கும் செல்லும் என்று எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில, கேட்டவரின் ஊரோடு, இங்கே.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போகிறோம். இரண்டு சவாரியையும் ஒரே அரை நாளில் முடித்துவிடலாமா? எதை முதலில் வைத்துக்கொள்வது? (பீனிக்ஸ்)

முடியும், ஆனால் நெருக்கடியாக இருக்கும். க்வாட் ஓடும் மணல்மேடுகள் ஊருக்குத் தெற்கே, ஸ்வாகோப் ஆற்றைத் தாண்டி வால்விஸ் பே போகும் சாலைப் பக்கம் இருக்கின்றன. ஒட்டகம் இருப்பது ஊருக்குக் கிழக்கே, பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளி. இரண்டு மணி நேர க்வாட், ஒரு கை கால் கழுவல், ஒரு காபி, அரை மணி நேர ஒட்டகம் என்று கணக்குப் போட்டால் வழிப்பயணத்தோடு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ஒரு நாள் கையில் இருந்தால் காலையில் க்வாட், பிற்பகலில் ஒட்டகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒட்டகச் சவாரி பெரும்பாலும் பிற்பகலில்தான் நடக்கிறது. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

க்வாட்டைக் காலையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கரையை ஒட்டி ஓடும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. அதனால் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் கடல் மூடுபனி உள்ளே வருகிறது. இரவுப் பனியில் நனைந்த மணல் இறுகிக் கிடக்கும், சக்கரம் புதையாது. பகல் ஏறினால் மணல் உலர்ந்து பொலபொலவென்றாகும். பிற்பகலில் கடற்காற்றும் கிளம்பிவிடும். மூடுபனி அடர்த்தியாக இருந்தால் 8 மணிக் குழுவை விட்டுவிட்டு 10 மணிக் குழுவில் சேருங்கள். பனியில் மேட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

ஜூலைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குளிர்காலத்தில் சில நாள் கிழக்கிலிருந்து அனல்காற்று இறங்கி மணலை வாரி அடிக்கும். டர்பனில் நாம் 'பெர்க் விண்ட்' என்கிறோமே, அதன் அண்ணன். அன்றைக்குச் சவாரியை ரத்து செய்வார்கள், செய்யத்தான் வேண்டும். எனவே ஊரில் தங்கும் முதல் நாளிலேயே பதிவு செய்யுங்கள். தள்ளிப்போனால் மறுநாள் கையில் இருக்கும்.

டர்பனிலிருந்து போகிறவர்கள் ஜோஹானஸ்பர்க் அல்லது கேப் டவுனில் மாறி வால்விஸ் பே விமான நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து காரில் ஒரு மணிக்குள் ஸ்வாகோப்மண்ட். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு வீசா தேவையில்லை. நமீபிய டாலரும் ரேண்டும் சரிக்குச் சரி. மீதி டாலரை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே கடைக்காரர் வாங்கமாட்டார்.

என் மகன் டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டப் பாதையில் க்வாட் ஓட்டியிருக்கிறான். மணலிலும் அதே மாதிரிதானே? (ஸ்டாங்கர்)

இல்லை. மண் பாதையில் பழகியவர்கள்தான் மணலில் முதலில் விழுகிறார்கள், வண்டி தெரியும் என்ற தைரியத்தில்.

வண்டி என்னவோ அதேதான். வலது கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர், கைப்பிடியில் பிரேக், எஞ்சினை உடனே நிறுத்தும் சிவப்புக் கில் ஸ்விட்ச். மாறுவது தரை. கிளம்புமுன் டயரைக் கையால் அழுத்திப் பாருங்கள், பொதபொதவென்று அமுங்க வேண்டும். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு)-க்கு மேல் காற்றடிக்கிறோம். க்வாட்டுக்கு மணலில் 3 முதல் 6 வரை போதும். டயர் பரந்து மணல்மேல் மிதந்தால்தான் வண்டி ஓடும். பார்க்கிங் பிரேக் முழுவதும் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதைப் பிடித்தபடியே ஓட்டினால் பத்து நிமிடத்தில் பெல்ட் கருகும் நாற்றம் வரும்.

பெரும்பாலான க்வாட்டுகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் கட்டுண்டவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற வழியில்லை. அதனால் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே போகவே பார்க்கும். உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, வெளிக்கால் படியை அழுத்தி, கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்பும். பயந்து முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் மணலில் குத்தி நின்றுவிடும், ஓட்டுபவர் மட்டும் பயணத்தைத் தொடர்வார்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகம். காற்று ஏறும் முகம் சாய்வு குறைந்தது, கெட்டியானது. மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் முகம். ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி, தொட்டால் வழியும். ஏறுவது எப்போதும் கெட்டி முகத்தில்தான். அடிவாரத்திலேயே வேகம் எடுத்து, உடம்பை முன்னால் தள்ளி, நேர்கோட்டில் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் வளைக்கக் கூடாது, குறுக்காகச் சாய்வில் ஓடக் கூடாது. வண்டி பக்கவாட்டில் உருளுவது இந்த இரண்டால்தான். உச்சி வருமுன் கட்டைவிரலைத் தளர்த்துங்கள். மறுபக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. நண்பகலில் நிழல் குறைந்துவிடுவதால் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரியும். இறங்கும்போது நேராக இறங்குங்கள். உடம்பு பின்னால் இருக்கட்டும், பின்பிரேக்கை மட்டும் இலேசாகத் தொடுங்கள். பின்பக்கம் ஒதுங்கினால் பிரேக்கை விட்டு ஒரு துளி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நேராகிவிடும்.

ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் பின்னோக்கி உருள விடாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மேட்டின் மேற்பக்கமாக இறங்கி வழிகாட்டி வரும்வரை நில்லுங்கள். கீழ்ப்பக்கம் இறங்கினால் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை உங்கள்மேல் வரும். சமதளத்தில் புதைந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி, நாலு சக்கரத்துக்கும் முன்னாலுள்ள மணலைக் கையால் ஒதுக்கி, பின்பக்கத்தை இருவர் தூக்கி இறக்கம் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும்.

கால் எப்போதும் படிமேலேயே இருக்க வேண்டும். மோட்டார்சைக்கிள் பழக்கத்தில் தடுமாறும்போது காலை ஊன்றினால், பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஐந்தாறு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். அதன் சக்கரத்தடத்தைவிட்டு விலகாதீர்கள். இது பாதுகாப்புக்காக மட்டுமல்ல. இந்தக் கரையோரம் 2010-இல் டோரோப் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சரளைச் சமவெளியில் டமாரா ஆலா என்ற சின்னக் கடற்பறவை வெறுந்தரையில் முட்டையிடுகிறது. கற்பாசியும் அங்கேதான் படர்கிறது. அதன்மேல் ஒருமுறை ஏறிய சக்கரத்தின் தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாது. தடம் விலகுபவரைத் திரும்பி நின்று கண்டிக்கும் வழிகாட்டி கிடைத்தால் நல்ல இடத்தில் காசு கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வண்டி எத்தனை சிசி என்பதைவிட அதுதான் முக்கியம்.

ஆட்டோமேட்டிக்கா, கியர் வண்டியா? (மெரெபாங்க்)

முதல் தடவை என்றால் ஆட்டோமேட்டிக். கியர் வண்டியில் ஏற்றத்தின் நடுவே கியர் குறைக்கத் தடுமாறினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

ஒன்பது வயதுப் பேரன் என் பின்னால் உட்கார்ந்து வரலாமா? அவன் அப்பா அம்மா வரவில்லை. (லெனேசியா)

ஒற்றை இருக்கை வண்டியில் யாரும் பின்னால் உட்காரக் கூடாது. அந்த நீண்ட இருக்கை இருவருக்கானதல்ல, ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையைச் சமன் செய்வதற்கானது. பின்னால் ஒருவர் ஏறினால் ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பும். இருவருக்கென்றே தயாரித்த, பின்னால் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான சின்ன வண்டியைச் சமதளத்தில் தனியாக ஓட்டவிடுவதும் உண்டு. பெரிய க்வாட்டுகளை 16 வயதுக்குக் கீழ் ஓட்டவேண்டாமென்று தயாரிப்பாளர்களே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். உங்கள் பேரனுக்கு ஒட்டகம்தான் சரி.

பெற்றோர் இல்லாமல் பிள்ளையை எல்லை தாண்டி அழைத்துப்போக, பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், அவர்கள் அடையாள அட்டை நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் வேண்டும். இவை இல்லாவிட்டால் பாலைவனம் அல்ல, விமான நிலையத்தையே தாண்டமுடியாது.

அம்மாவுக்கு 68 வயது, இடுப்புவலி உண்டு. ஒட்டகத்தில் ஏற ஆசைப்படுகிறார். (சாட்ஸ்வர்த்)

ஒட்டகத்தின் நடையைவிட, அது எழுவதும் உட்காருவதும்தான் இடுப்பைப் பதம்பார்க்கும். படுத்திருக்கும் ஒட்டகம் பின்கால்களை முதலில் நிமிர்த்தும். அப்போது சவாரி செய்பவர் முன்னால் கவிழ்வார். அடுத்து முன்கால்கள் எழும். உடம்பு பின்னால் வீசும். உட்காரும்போது முன்முட்டி முதலில் மடியும், மறுபடி முன்னால் கவிழ்ச்சி. எழும்போதும் அமரும்போதும் முதல் குலுக்கல் முன்னோக்கித்தான். ஆகவே இரண்டு நேரத்திலும் சேணத்தின் முன்கைப்பிடியைப் பிடித்து, கையை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை ஏறுமுன் கீழேயே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

எழுந்துவிட்டால் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒட்டகம் ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் சேர்த்து எடுத்துவைக்கும், அதனால் தொட்டில் போல் இடம் வலமாக ஆட்டும். இடுப்பை விறைக்காமல் அந்த ஆட்டத்தோடு விட்டுவிட வேண்டும். அங்கவடி இல்லாத சேணமாக இருந்தால் இருபது நிமிடத்தில் தொடை மரத்துப்போகும். அம்மாவுக்குப் பதினைந்து நிமிடம் போதும். வட்டு விலகல், எலும்புத் தேய்மானம், அண்மையில் இடுப்பு அறுவை என்று ஏதாவது இருந்தால் ஏறவே வேண்டாம். ஒட்டகத்தோடு படம் எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து டீ குடிப்பதும் ஒரு சவாரிதான்.

ஒட்டகத்தையும் ஒரு நோட்டம் விடுங்கள். திமில் நிமிர்ந்திருக்கிறதா, சேணம் உராயும் இடத்தில் புண் இருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா? எழும்போது உறுமுவதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், அது அதன் சுபாவம். பின்னால் போய் நிற்கவேண்டாம். ஒட்டகத்தால் பக்கவாட்டிலும் உதைக்க முடியும்.

பெண்கள் என்ன உடுத்துவது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சேலை, துப்பட்டா, தொங்கும் ஸ்கார்ஃப் எதுவும் க்வாட்டில் கூடாது. பின் அச்சிலும் செயினிலும் சுற்றிக்கொண்டால் ஆளை இழுத்துவிடும். முழுக்கால் பேன்ட் அவசியம், சைலன்சர் பக்கத்தில் கெண்டைக்கால் சுடும். செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடிய டக்கீஸ் (கான்வாஸ் ஷூ) போடுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு மேலே பொத்தான் போட்டுக்கொள்ளலாம். தலைமுடியைத் தாழப் பின்னிச் சட்டைக்குள் விடுங்கள். உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. ஹெல்மெட்டுக்கு உள்ளே கட்ட ஒரு பருத்தித் துணி கொண்டுபோங்கள், நேற்று அதை யார் போட்டார்களோ! காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். பாலைவனம் என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். ஜூலைக் காலையில் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஈரக்காற்று வேறு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பின்கழுத்துக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன். மூடுபனி இருந்தாலும் தோல் கருகும்.

சென்னை போகும் வழியில் துபாயில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறோம். அங்கேயே முடித்துவிடலாமா? (அம்லாங்கா)

வெளியே வர வீசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். மாலைப் பாலைவன சஃபாரி என்றால் பிற்பகல் மூன்று மணியளவில் ஓட்டலில் ஏற்றிக்கொண்டு, லஹ்பாப் பக்கத்துச் செம்மணலில் சுற்றி, சாப்பாடு போட்டு, இரவு ஒன்பதையொட்டித் திருப்பி விடுவார்கள். அதற்குமேல் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் வேண்டும். பகலில் இறங்கினால் காலை சஃபாரியே தோது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 'ஒட்டகச் சவாரி உண்டு' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கூடாரத்தைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம்தான். க்வாட்டுக்கு அங்கே போனபின் தனிக்காசு கேட்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரிக்கு மேல்; அந்த மாதங்களில் விமான நிலையத்திலேயே தூங்கலாம்.

மெடிக்கல் எய்ட் இருக்கிறதே, தனியாக இன்ஷூரன்ஸ் எதற்கு? (டர்பன்)

மெடிக்கல் எய்ட் என்னும் நம் ஊர் மருத்துவக் காப்புத் திட்டம் வெளிநாட்டில் எவ்வளவு தரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பயணக் காப்பீட்டிலும் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். க்வாட் பைக்கை ஒட்டுமொத்தமாக விலக்கியவை உண்டு. குறிப்பிட்ட சிசி வரைக்கும், ஹெல்மெட் போட்டிருந்தால், ஓட்டுநர் உரிமம் இருந்தால் என்று நிபந்தனை வைப்பவையும் உண்டு. 'க்வாட் பைக் ஓட்டுவேன், பணம் தருவீர்களா' என்று மின்னஞ்சலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சேதமானால் நீங்கள் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்பது கையெழுத்து வாங்கும் படிவத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இவ்வளவு தூரம் எதற்கு? நம் கடற்கரையிலேயே க்வாட் ஓட்டக் கூடாதா? (இசிபிங்கோ)

கூடாது. 2001-இல் விதிமுறை வந்ததிலிருந்தே தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் வாகனம் ஓட்டத் தடை. அனுமதி பெற்ற சில தேவைகளுக்கே விலக்கு. மணல்மேடுதான் வேண்டுமென்றால் கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸ் வெண்மணல் மேடுகள் இருக்கின்றன. நகராட்சி அனுமதிச் சீட்டு வாங்கித்தான் நுழைய முடியும்.

நம் பக்கத்தில் ஒட்டகம் ஏது? அதன் பிள்ளையைக் குட்டி என்பதா, கன்று என்பதா? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். (தமிழ்ப் பள்ளி ஆசிரியை, சாட்ஸ்வர்த்)

தென்மேற்கு ஆப்பிரிக்காவை (இன்றைய நமீபியா) ஜெர்மானியர் ஆண்டபோது படைக்காகக் கொண்டுவந்தார்கள். 1908-இல் கலஹாரிப் பாலைவனத்துக்குள் ஓர் ஒட்டகப் படையே போயிருக்கிறது. நம் நாட்டுப் போலீசும் கலஹாரி எல்லையை ஒட்டகத்தில் ரோந்து சுற்றியது. அதன் நினைவாக அப்பிங்டன் காவல் நிலையத்தின் முன் ஒட்டகமும் ஆளுமாக ஒரு சிலை நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கன்று என்றே சொல்லிக்கொடுங்கள். ஒட்டகத்தில் பெண்ணைப் 'பெட்டை' என்றும் பிள்ளையைக் 'கன்று' என்றும் சொல்லப் பழைய தமிழிலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது.