“40,000 தருகிறேன், கேஸ் வேண்டாம்” என்றால் வாங்கலாமா?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஏற்காடு ஏறும்போது, மேலிருந்து வந்த பெங்களூரு கார் ஒன்று கொண்டை ஊசி வளைவில் எங்கள் பக்கம் ஏறி மோதியது. 38 வயதான என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் தையல் தொழில் செய்பவர். அந்தக் கார்க்காரர் 40,000 தருவதாகச் சொல்கிறார். போலீசுக்கு இன்னும் போகவில்லை. என்ன செய்யலாம்? – அஸ்தம்பட்டி வாசகர்.

பதில்: இப்போது வாங்காதீர்கள். அந்தக் கை எவ்வளவு தூரம் பழையபடி மடங்கும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதற்குள் “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள். அவர் கைக்காசு போடவும் அவசியமில்லை. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி தரும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ, அங்கே புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காக மட்டுமே உண்மையான மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபரேஷனுக்கு அலைந்ததால்தான் தாமதம் என்றால் அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். அகலம் போதாத மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதும் உங்களுக்குச் சாதகம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆஸ்பத்திரி காகிதத்தைப் பற்றித்தான். போலீஸ் தொந்தரவு எதற்கு என்று நம் ஆட்கள் கேஷுவாலிட்டியில் “வழுக்கி விழுந்துட்டாங்க” என்று சொல்லிவிடுவார்கள். விபத்துப் பதிவேட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே ஏறிவிடும். கம்பெனி வக்கீல் கேஸை உடைக்க அந்த ஒரு வரியே போதும். இன்றே ஏ.ஆர். காப்பி (அந்த விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் வெளிவரும்.

வழக்குக்கு பெங்களூரு போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்கிற இழப்பீட்டு மனு போடலாம். விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே ஆறாவது மாதம் வரை இழுக்காதீர்கள்.

தொகையைப் பொறுத்தவரை, மருத்துவ போர்டு தரும் ஊன சதவீதம் ஒரு கணக்கு; தொழிலில் எவ்வளவு இழப்பு என்பது வேறு கணக்கு. வலது மணிக்கட்டு சரியாகத் திரும்பாத தையல்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அவர் வயதுக்கு, வருடாந்தர வருமான இழப்பை 15-ஆல் பெருக்குவார்கள். வருமானத்தைக் காட்ட அளவு நோட்டு, ஜிபே வரவு, நூல் வாங்கிய பில் எதுவும் உதவும். ஆட்டோ செலவு, வீட்டு வேலைக்கு ஆள் வைத்த செலவு, பிளேட் எடுக்க ஆகும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கார் சேதம் தனி விஷயம். முழு பாலிசி இருந்தால் உடனே உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேரில் கை வைக்காதீர்கள். இந்த க்ளெயிம் வாங்கினால், க்ளெயிம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி போகும், அவ்வளவுதான். மனைவியின் வழக்கு பாதிக்காது.

சமாதானமாகப் போக விருப்பமா? லோக் அதாலத்தில் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) பேசலாம், தப்பில்லை. ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. எனவே ஊனச் சான்று கைக்கு வந்த பிறகே போய் உட்காருங்கள்.