லிஃப்ட் கிட் வாங்கும் முன்: டீசல் ஜீப்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தப் போடும் ஸ்பிரிங் முதலான பாகங்களின் தொகுப்பு) பற்றியவை. ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்தே பதில் சொல்கிறேன். எல்லோரிடமும் முதலில் ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் முன் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு. அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் எந்த ஸ்பிரிங் உங்களுக்குச் சரி என்று பேசவே ஆரம்பிக்க முடியும்.

மஹிந்திரா தார் டீசல், 2022 மாடல், 16 அங்குல ரிம். ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகிற பாதை மோசம். 2 இஞ்ச் போதுமா, 4 இஞ்ச் போடலாமா சார்? – வாசகர், பொள்ளாச்சி

4 இஞ்ச் வேண்டாம். தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் (கைகள்) பிடித்திருக்கும். இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும். பின்னால் காயில் ஸ்பிரிங்கோடு முழு ஆக்சில். முன்பக்க உடம்பு உயர உயர, நடுவில் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிரைவ் ஷாஃப்ட் கீழ்நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். அந்த ஷாஃப்ட்டின் முனையில் வளைந்தபடியே சுற்றும் சிவி ஜாயிண்ட் அந்தச் சாய்விலேயே நாள் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். அதை மூடியிருக்கும் பூட் எனும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று தெறித்திருந்தால் பூட் போய்விட்டது என்று அர்த்தம். 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இந்த அமைப்பு தாங்கும். அதற்கு மேல் போனால் அப்பர் ஆர்ம், டிஃப்ரென்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். தோட்டப் பாதைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம். லிஃப்ட் கிட் உயர்த்துவது உடம்பையும் சேஸிஸையும் மட்டும்தான். பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃப்ரென்ஷியல் உறை, அதாவது ஹவுசிங், டயரோடு சேர்ந்து நிற்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. பாதை நடுவில் துருத்தி நிற்கும் கல் இடிப்பது பெரும்பாலும் அந்த ஹவுசிங்கில்தான். அதை உயர்த்த டயரை மாற்றுவது ஒன்றே வழி. உங்களிடம் இருக்கும் 245/75 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ. 265/75 ஆர்16 என்றால் 804. வித்தியாசம் 30, அதில் பாதி, அதாவது 15 மி.மீ., ஆக்சிலுக்குக் கிடைக்கும். 15 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் கல் பாதையில் அது பெரிய வித்தியாசம். கூடவே ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறும். முன்பு முள் 100-ல் நின்றபோது போன வேகத்தைவிட இப்போது 4 சதவீதம் கூடுதலாகப் போவீர்கள்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயருக்கு இடம் கொடுக்கவும், மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டியின் நடுவயிறு தட்டாமல் இருக்கவும், சஸ்பென்ஷன் அசைவதற்குக் கூடுதல் இடம் கிடைக்கவும்தான். தாரின் முன்பக்க ஏறுகோணம் (பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) கம்பெனியிலிருந்தே 41 டிகிரிக்கு மேல் இருக்கிறது, கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. அந்த இரண்டுக்காக லிஃப்ட் போடத் தேவையில்லை. நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் நல்ல ஆல் டெரெய்ன் டயர், அப்புறம் நல்ல ஷாக் (ஸ்பிரிங்கின் குதிப்பைத் தணிக்கும் குழாய்), அதற்கும் போதாவிட்டால் 40 மி.மீ. ஸ்பிரிங். கிட் வாங்கும்போது டீசலுக்கென்று உள்ள முன் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக டீசல் இன்ஜின் கனம் கூடியது. பெட்ரோல் வண்டிக்கான ஸ்பிரிங்கைப் போட்டால் சொன்ன உயரம் வராது, மூக்கு தாழ்ந்தே நிற்கும்.

ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கிற ஸ்பேசர் மட்டும் போட்டால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். போடலாமா? – வாசகர், திருப்பூர்

எந்த இடத்தில் வைக்கிற ஸ்பேசர் என்று முதலில் கேளுங்கள். மூன்று இடங்கள் உண்டு, மூன்றுக்கும் விளைவு வேறு.

முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழுக் கூட்டின் தலையில் வைப்பது ஒன்று. கூடு ஆர்மின் நடுவில் உட்காருவதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம் கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும். ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டும் சிவி ஜாயிண்ட்டும் தங்கள் எல்லையைத் தாண்டித் திருகப்படும். சக்கரம் மேலே ஏறும்போதோ பம்ப் ஸ்டாப் எனும் தடுப்பு ரப்பரைத் தொடுவதற்கு முன்பே ஷாக் அடிமட்டத்தில் முட்டிவிடும். இந்த மூன்றில் எனக்கு அதிகம் பயம் இதில்தான்.

கூட்டுக்கு உள்ளே, ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவில் வைப்பது இரண்டாவது. இதில் ஷாக்கின் நீளம் மாறாது. வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்க மீதி இருக்கும் தூரம் குறைந்துவிடும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஷாக் முழுசாக நீண்டு முட்டுகிறது என்று அர்த்தம். மூன்றாவது, பின் காயிலுக்கு அடியிலோ மேலோ வைப்பது. இதிலும் அதே குறைதான், ஆனால் நீளமான ஷாக் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும்.

முன்பக்கம் கனமான பம்பர் போட்டு மூக்கு 15 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, அதைச் சமன் செய்யத்தான் என்றால் மெல்லிய ஸ்பேசர் போதும். அதற்கு மேல் காசு சேர்த்து ஸ்பிரிங்கே வாங்குங்கள்.

2016 தார் சிஆர்டிஇ. மெக்கானிக் முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்திக் கொடுத்தார். உயரம் வந்தது, ஆனால் கல்லில் போகிற மாதிரி அடிக்கிறது. – வாசகர், தேனி

பழைய தாரின் முன்பக்கம் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. முறுக்கியதால் அது கெட்டியாகிவிடவில்லை. சக்கரம் கீழே இறங்கும் தூரம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சின்னப் பள்ளத்திலேயே சக்கரம் கீழ் எல்லையில் முட்டுகிறது, அதைத்தான் கையில் உணர்கிறீர்கள். உயர்த்தியது ஒரு இஞ்சுக்குள் வரும்படி திருப்பித் தளர்த்தச் சொல்லுங்கள், பிறகு கட்டாயம் அலைன்மென்ட். கொஞ்சம் நீளமான முன் ஷாக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்களிடம் இரண்டு பழைய மஹிந்திரா மேஜர் ஜீப். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிப் போகிறோம். பிளேட்டை (பட்டை ஸ்பிரிங்கை) தூக்கலாமா, அல்லது ஆக்சிலுக்கு மேலே பிளேட் வைத்து மாற்றிவிடலாமா அண்ணா? – வாசகர், போடிநாயக்கனூர்

தம்பி, ஆள் ஏற்றும் வண்டியைத் தூக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பாதையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் போக வேண்டிய இடங்கள் நிறைய. உட்கார்ந்திருப்பவர்களின் கனம் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. அதை இன்னும் உயர்த்தினால் கவிழும் கோணம் நெருங்கிவிடும்.

ஆக்சிலுக்கு அடியில் உள்ள பிளேட் கட்டை மேலே மாற்றிவைத்தால், ஆக்சில் குழாயின் விட்டமும் பிளேட் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு, கிட்டத்தட்ட 5 இஞ்ச், ஒரேயடியாக உயரும். டீசல் இன்ஜின் இழுவை முழுவதும் குறைந்த சுற்றிலேயே வருவதால், ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச் விட்டதும் ஆக்சில் தன் அச்சிலேயே திருகும். பிளேட் 'எஸ்' மாதிரி வளையும், பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யு ஜாயிண்ட் உடையும். ஸ்டியரிங் ராடுகளின் கோணமும் கெட்டு, குழியில் இறங்கினால் வண்டி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும்.

பிளேட்டின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஷேக்கிளை 2 இஞ்ச் நீட்டினால் கிடைப்பது 1 இஞ்ச்தான். முன்பக்கம் போட்டால் கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறி ஸ்டியரிங் அலையும்.

உங்கள் ஜீப்புகளுக்கு உண்மையில் தேவைப்படுவது புது பிளேட் செட் என்று நினைக்கிறேன். வருஷக்கணக்கில் கனம் சுமந்த பிளேட் தட்டையாகிப் போயிருக்கும். ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து நான்கு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதைப் பட்டறையில் அடித்து வளைத்து வாங்கினால், முறையாகச் சூடேற்றிப் பதம் போடாவிட்டால் சீக்கிரமே திரும்பத் தாழ்ந்துவிடும். நடுவில் ஒரு குட்டைப் பிளேட்டைச் சொருகுவதும் தப்பு. அது முடிகிற இடத்திலேயே கனம் முழுவதும் விழுந்து மேல் பிளேட் விரிசல் விடும். புது செட், புது புஷ், சென்டர் போல்ட், யு போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டால் இழந்த உயரம் தானாகவே திரும்ப வரும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது.

இசுசு வி-கிராஸ் பிக்கப். பின்னால் கேனோபி (சாமான் பெட்டியின் கூரை), மேலே டென்ட், குடும்பத்தோடு நீண்ட பயணம். பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. எந்த ஸ்பிரிங்? – வாசகர், கோவை

இப்படிக் கேட்டால்தான் எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கும். இங்கே பிரச்சினை கனம், உயரம் இரண்டாவது.

ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலிய கம்பெனிகள் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல கெட்டித்தன்மையில் பின் பிளேட் செய்கின்றன. காலி வண்டிக்கு ஒன்று, எப்போதும் 200, 300 கிலோ இருக்கும் வண்டிக்கு வேறு என்று. முக்கியமான சொல் 'எப்போதும்'. கேனோபி, டென்ட், இழுப்பறைப் பெட்டி ஆகியவை வண்டியிலேயே நிரந்தரமாக இருப்பவை. அவற்றைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். 40 லிட்டர் தண்ணீர், அதாவது 40 கிலோ, பயணத்துக்கு மட்டும் வந்து போவது. பெருமைக்குக் கனமான ஸ்பிரிங் வாங்கிவிட்டு, வாரம் முழுக்கக் காலியாக ஆபீஸ் போனால் பின்பக்கம் குதிக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வால் வழுக்கும். ஸ்பிரிங் மாற்றினாலும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். பிரேக்கும் ஆக்சிலும் சேஸிஸும் பழையவைதானே.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து ஒன்றைப் பாருங்கள். சில பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வு. கனம் ஏறி வண்டி தாழும்போது கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடச் சொல்லும். லிஃப்ட் போட்டதும் வண்டி எப்போதும் காலியாகவே இருப்பதாக வால்வு நினைத்துக்கொள்ளும். முழுக் கனத்தோடு மலை இறங்கும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும். உங்கள் வண்டியில் அது இருந்தால், கிட் உயர்த்திய அளவுக்கே சேஸிஸில் உள்ள வால்வின் பிராக்கெட்டைக் கீழே இறக்கியாக வேண்டும். மாட்டுகிறவர் இதைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அவர் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஷாக்கில் மோனோ ட்யூப் (ஒற்றைக் குழாய்), ட்வின் ட்யூப் (இரட்டைக் குழாய்): எது வாங்க? – வாசகர், ஓசூர்

நீண்ட நேரம் கல் பாதையில் வேகமாகப் போனால் மோனோ ட்யூப். எண்ணெய் சீக்கிரம் குளிரும், பிடி தளராது. ஆனால் பக்கவாட்டில் கல் பட்டு உறை நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூப்பில் வெளி உறை நசுங்கினாலும் பெரும்பாலும் உள்ளே வேலை நடக்கும். மெதுவாக மலை ஏறுகிற நம்மில் பலருக்கு நல்ல ட்வின் ட்யூப் தாராளமாகப் போதும்.

லிஃப்ட் போட்டால் ஆற்றில் கூடுதல் ஆழத்தில் இறங்கலாமா? – வாசகர், மேட்டுப்பாளையம்

கொஞ்சம்கூட நம்பாதீர்கள். தாருக்குக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மி.மீ.; லிஃப்ட் போட்டாலும் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனால், டீசலின் அழுத்த விகிதத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆக்சிலோ பழைய உயரத்திலேயே இருக்கிறது. சூடான ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் குழாயை நீட்டி மேலே கட்டுங்கள்.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் தொல்லை வருமா? – பலர்

வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக், நல்ல ஸ்பிரிங் மாற்றுவது பாதுகாப்பான வழி. அதைத் தாண்டும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓவிடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல் விபத்துக்குப் பிறகு உதவாது.

கிட் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. வண்டி விறைப்பாக இருக்கிறது, ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது. கிட் மோசமா? – வாசகர், சேலம்

கிட்டைக் குறை சொல்லும் முன் மாட்டிய விதத்தைப் பார்க்கலாம். ஆர்ம்களின் ரப்பர் புஷ்ஷில் உள்ள போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். விறைப்பு அதனால் வரும், சில மாதங்களில் புஷ்ஷும் கிழியும். வண்டியைத் தரையில் நிறுத்தி எல்லா ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அந்த நிலையிலேயே டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் அலைவதற்குப் பெரும்பாலும் கேஸ்டர் குறைந்ததுதான் காரணம். அலைன்மென்ட் தாளில் கேஸ்டர் என்ற வரியைப் பாருங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் திரும்பப் போங்கள். புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் படியும், அதனால் 1,000 கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அன்றைக்கே ஒரு பக்கத்து முன் சக்கரம் தொங்கும்படி ஜாக்கியில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. ஹோஸ் நாண் மாதிரி விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் மாட்டும்வரை அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.