கத்தாத போட்டி

கேள்வி: ‘கில்லிங் ஈவ்’ தொடரில் இரண்டு பெண்களும் கத்தாமலே நம்மைப் பதற வைக்கிறார்களே, எப்படி?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: எல்லாம் பார்வைதான், தங்கச்சி. 2018-ல் வந்த முதல் பகுதியை இன்னொரு தடவை பாருங்கள். மருத்துவமனைக் கழிவறையில் உளவுத்துறை அதிகாரி ஈவ் (சான்ட்ரா ஓ) தலைமுடியை அள்ளி முடிகிறாள். நர்ஸ் உடையில் வில்லனெல் (ஜோடி கோமர்) அவளையே பார்த்து நிற்கிறாள். முடியை விரித்துவிடச் சொல்லிவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். ஈவ் தேடும் கொலைகாரி இந்த வில்லனெல்தான் என்பது நமக்குத் தெரியும், ஈவுக்குத் தெரியாது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

போன தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இதையே நேரில் பார்த்தேன். ஒரே அரக்குப் புடவையில் இரண்டு பெண்கள் கை வைத்துவிட்டார்கள். “நீங்க எடுத்துக்கங்கக்கா” என்று வாய் சொல்கிறது. முந்தானையைப் பிடித்த விரல் விடவில்லை. நம் சீரியல்காரர்கள் பின்னணி இசையை நிறுத்திவிட்டு அந்த விரலைக் காட்டட்டும்.