நீலப் பூ விஷ்ணுகிரந்திதானா?

கேள்வி: மருந்துவாழ்மலை அடிவாரத்தில், புல்லுக்குள் சின்ன நீலப் பூ ஒன்று தரையோடு தரையாகப் பூத்துக் கிடக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது விஷ்ணுகிரந்தி, பிள்ளையின் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கலாம் என்கிறார் என் மாமியார். கானாவாழை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விஷ்ணுகிரந்தி என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த தொட்டிச்செடி இது மாதிரியே இல்லை. யார் சொல்வது சரி?
– பொற்றையடி வாசகி

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் என் மனது சாய்கிறது, மக்களே. ஆனால் இந்தப் படத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். பூவுக்கு நேர் மேலே கைபேசியைப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். பூ பளிச்சென்று இருக்கிறது, இலை ஒன்றுகூடத் தெரியவில்லை. எனக்கு வருகிற படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் வருகின்றன. முப்பத்தொரு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: புல்லுக்குள் கிடக்கும் பொடிச் செடிக்கு முதலில் இலையைப் பாருங்கள், பூ அப்புறம்.

நாளைக் காலை ஏழு ஏழரைக்குப் போங்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, உட்கார்ந்துவிடுங்கள். தண்டு மெல்லிய கம்பி மாதிரி நாலாபக்கமும் படர்ந்து, நுனி மட்டும் லேசாகத் தலைதூக்கி நிற்கிறதா? இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வருகின்றனவா? ஒவ்வொரு இலையும் ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்க வேண்டும்; காம்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இனி இலையை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்லத் தடவுங்கள். விஷ்ணுகிரந்தி என்றால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கும். மேலும் கீழும் பட்டு ரோமம் படிந்து கிடப்பதால் வரும் மென்மை அது. காலை வெயில் சாய்ந்து விழும்போது செடி முழுக்க வெள்ளி பூசியது போல ஒரு மினுக்கம் வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரோமமெல்லாம் இலை நுனியை நோக்கி ஒரே பக்கமாக வாரிவிட்டது போலப் படுத்திருக்கும். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இப்போது பூவுக்கு வருவோம். இலை தண்டோடு சேரும் இடுக்கான இலைக்கக்கத்திலிருந்து தையல் நூல் மாதிரி ஒரு காம்பு கிளம்பும். பெரும்பாலும் இலையைவிட நீளமாகவே இருக்கும். அதன் நுனியில் ஒரு பூ, சில சமயம் இரண்டு மூன்று. சட்டைப் பித்தான் அளவு வட்டம், ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்து இதழ் போலத் தெரிந்தாலும் எல்லாம் ஒட்டிய ஒரே இதழ்தான். விளிம்பைப் பிடித்து மெல்ல இழுங்கள், முழுசாகக் கழன்று கையில் வரும். பின்னால் காயாகும் நடுப்பகுதியான சூலகம் செடியிலேயே நிற்கும். அதன் தலையில் இரண்டு சூல்தண்டுகள், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த நாலு நூலையும் எண்ணிவிட்டீர்கள் என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஊமத்தம்பூ மாதிரிப் பூ விரியும் தாலிக்கொடி போன்றவை இதன் சொந்தக்காரர்கள்தான். அவை மரத்தையும் வேலியையும் சுற்றும், இது சுற்றாது. 1753-ல் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதைச் சுற்றும் கொடிகளோடு சேர்த்துத்தான் பெயர் வைத்தார். 1762-ல் பிரித்தெடுத்து, ‘சுருள் அவிழ்ந்தது’ என்ற பொருளில் எவால்வுலஸ் என்று தனிப் பேரினமாக்கினார்.

காலையிலே போகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இருபது பிள்ளைகளை இதே மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ் தாமதம், நாங்கள் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. முந்தின நாள் காலையில் நான் குறித்து வைத்த இடத்தில் ஒரு நீலம்கூட இல்லை. எல்லாம் சுருண்டு மூடிக் கிடந்தன. அன்று பிள்ளைகளுக்கு இலையை மட்டும் வைத்துத்தான் பாடம் நடத்தினேன். அன்று வந்த ஒரு பிள்ளை, இன்று அவளும் டீச்சர், அந்த இலையின் மென்மையை இன்னும் மறக்கவில்லை என்று போன மாதம் சொன்னாள்.

சரி, பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் கானாவாழை. நிறம் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. அதற்கு மூன்று இதழ், இரண்டு பெரிது, ஒன்று சிறிது. மடித்த இலை மாதிரி ஒரு உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். இலையடி தண்டைக் குழாய் போலச் சுற்றிப் பிடித்திருக்கும், நரம்புகள் புல்லுக்கு ஓடுவது போல நெடுக ஓடும். உங்கள் படத்தில் பூ வட்டமாக இருக்கிறது, அதனால் கானாவாழையை விட்டுவிடலாம். அதே புல்லில் வட்டக்காசு மாதிரி இலையும் வெள்ளைப் பூவுமாகக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் ஒன்றைக் கண்டால், அது இதன் உறவு, அமெரிக்காவிலிருந்து வந்தது. விஷ்ணுகிரந்தி கணுவில் வேர்விடாது.

நர்சரிச் செடி பெரும்பாலும் ‘ப்ளூ டேஸ்’ என்பதாக இருக்கும். தென் அமெரிக்க வகை, பூ ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது, இலையும் தடிமன். அழகுக்கு வளர்க்கலாம், மருந்துக்கு அதை எடுக்காதீர்கள்.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கு விஷ்ணுகிரந்தி உண்டு, உங்கள் மாமியார் சொல்வது கட்டுக்கதை இல்லை. ஆனாலும் படம் பார்த்துப் பெயர் சொன்ன செடியைப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், டெங்கு காலத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மூலிகை வேண்டும் என்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செடியோடு அங்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் குட்டி மஞ்சள் பூ. நான் நிலப்பனை என்கிறேன், என் தங்கை முக்குற்றி என்கிறாள்.
– குலசேகரம் வாசகர்

பதில்: இதழை எண்ணுங்கள். ஆறு என்றால் நிலப்பனை, ஐந்து என்றால் முக்குற்றி. நிலப்பனைக்குப் பூ மண்ணைத் தொட்டுக்கொண்டே விரியும். இலை, பனங்கன்று முளைத்தது போல நீளமாக மடிப்பு மடிப்பாக இருக்கும். முக்குற்றியோ ஒரு சாண்கூட வளராத தென்னை மரம். ஒற்றைத் தண்டு, உச்சியில் ஓலைகள் மாதிரிச் சுற்றி விரிந்த இலைகள், நடுவில் பூக்கள். தொட்டால் ஓலை மெல்ல மடியும். அதனால் தொட்டாச்சிணுங்கி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முள் உண்டு, பூவும் ரோஜா நிற உருண்டை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்கும். கேரள வழக்கப்படி மார்கழித் திருவாதிரைக்குப் பெண்கள் தலையில் சூடுகிற பத்துச் செடிகளான தசபுஷ்பத்தில் நிலப்பனை, முக்குற்றி, விஷ்ணுகிரந்தி மூன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர்கள் அல்லவா, அந்த வழக்கம் உங்கள் பக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டியிடம் பத்தையும் கேட்டு எழுதி வையுங்கள், தயவு செய்து இந்த வருஷமே.

கேள்வி: விஷ்ணுகிரந்தியைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தேன், மூன்று முறையும் பட்டுப்போனது.
– தோவாளை வாசகி

பதில்: இனிப் பிடுங்காதீர்கள். மேலே நூல் மாதிரி இருந்தாலும் அடியில் கட்டையான வேர் கல்லுக்கிடையே இறங்கியிருக்கும், இழுக்கும்போது அறுந்துவிடும். பூ உதிர்ந்த காம்பில் மிளகைவிடச் சின்ன உருண்டைக் காய் இருக்கும். அது காய்ந்து பழுப்பானதும் நாலாக வெடிக்கும், உள்ளே அதிகபட்சம் நாலு விதை. வெடிக்கும் முன்னே பத்துக் காய் மட்டும் கிள்ளி ஒரு காகிதப் பொட்டலத்தில் வையுங்கள், மீதி அந்த இடத்துக்கே இருக்கட்டும். செம்மண்ணோடு பொடிக்கல் கலந்து, நல்ல வெயில் படும் இடத்தில் தூவி, மேலே மண்ணை மெல்லிசாகப் போட்டால் போதும்.