எல்லாருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, எங்கட வீட்டில கைத்தறி நெசவு. சாரி, சாறன், பெட்ஷீட் எல்லாம் விக்கிறம். போன்ல 600க்கு மேல கஸ்டமர் நம்பர் இரிக்கு. புது டிசைன் வந்தா எல்லாருக்கும் ஒரே படத்த வாட்ஸ்அப்பில போடுறன், ஆனா பத்துப் பேர் கூட திருப்பிக் கேக்கிறாங்க இல்ல, சில பேர் பிளாக்கும் பண்ணிட்டாங்க. ஊர் ஊராப் பிரிச்சு அனுப்பினாச் சரி வருமா?
- வாசகி, மருதமுனை

பதில்: தங்கச்சி, கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு எண்டு ஊரால பிரிச்சா பார்சல் அனுப்ப லேசு, விக்கிறதுக்கு அது பெரிசா உதவாது. என்னத்துக்கு வாங்கினாங்க, கடைசியா எப்ப வாங்கினாங்க, இந்த ரெண்டையும் வச்சுப் பிரிங்க.

முதல்ல கடைக்காரங்கள தனியா எடுங்க. கண்டியிலயோ கொழும்பிலயோ கடை வச்சிருக்கிற ஒராள் 50 சாறன் எடுக்கிறவர், அவருக்கு ஒரு சாரிட படமும் சில்லறை விலையும் போய் என்ன பிரயோசனம், அவருக்கு மொத்த விலையும் எத்தின நாளில தருவீங்க எண்டதும்தான் வேணும், அதுவும் பெருநாளுக்கு பத்து நாள் இரிக்கக்குள்ள இல்ல, நீங்க தறியில ஏத்தி நெய்து முடிக்கிற காலத்தையும் கணக்குப் போட்டு முன்னுக்கே போகணும். நோன்புப் பெருநாள் வருசா வருசம் 11 நாள் அளவில முன்னுக்கு வரும், அதால போன வருசம் அனுப்பின திகதியப் பாத்து இந்த வருசம் அனுப்பாதீங்க. சித்திரைப் புதுவருசம் அப்பிடி மாறாது.

வீட்டுக்கு வாங்கிறவங்கள்ல ஆறு மாசத்துக்குள்ள வாங்கினவங்க ஒரு பக்கம், ஒரு வருசமா சத்தமில்லாதவங்க மற்றப் பக்கம். சத்தமில்லாதவங்களுக்கு படம் வேணாம், "போன முற எடுத்த சாரி எப்பிடி இரிக்கு?" எண்டு பேரச் சொல்லிக் கேளுங்க.

பேரப் பாத்து இவங்க முஸ்லிம், இவங்க தமிழ் எண்டு மட்டும் பிரிச்சிராதீங்க, எனக்கு அது துண்டாப் பிடிக்காது. பெருநாளுக்கு பக்கத்து வீட்டுக்குக் குடுக்க சாறன் தேடுற தமிழ் ஆக்கள் நம்மட பக்கத்தில எத்தின பேர்! அவங்க என்ன வாங்கினாங்க எண்டதப் பாருங்க, அது போதும். சிங்களத்தில பேசிற கஸ்டமருக்கு மட்டும் சிங்களத்தில தனி மெசேஜ் எழுதுங்க.

வாட்ஸ்அப் பிசினஸ் அப்பில லேபிள் இரிக்கு, கஸ்டமரப் பிரிச்சு வைக்க ஒட்டுற அடையாளம், 20 வரைக்கும் போடலாம், உங்களுக்கு அஞ்சாறு காணும். ஒரே மெசேஜ கன பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்டில 256 பேர்தான், அதோட உங்கட நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜே போய்ச் சேரும். பத்துப் பேர் கூட கேக்காததுக்கு இதுவும் ஒரு காரணமா இரிக்கலாம், பில் குடுக்கக்குள்ளயே "நம்பர சேவ் பண்ணுங்க, புதுசு வந்தா அனுப்பட்டுமா" எண்டு கேட்டிருங்க. வேணாம் எண்டவங்கட நம்பர அண்டைக்கே லிஸ்ட்டால எடுங்க. இலங்கைட 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விளம்பர மெசேஜுக்கு ஆக்கள்ட சம்மதத்தப் பத்திச் சொல்லுது.

இந்தக் கிழமை 600 பேரையும் பிரிக்க வெளிக்கிடாதீங்க தங்கச்சி, கடைக்காரங்கட லேபிள மட்டும் போட்டு முடிங்க.