பிரான்சில் நீக்கிய தேடல் முடிவு அமெரிக்காவில் ஏன் தெரிகிறது?

வணக்கம். உங்களைப் பற்றிய பழைய செய்தியைக் கூகுள் தேடலிலிருந்து நீக்கிவிட்டார்கள், ஆனால் அமெரிக்காவில் இருக்கும் நண்பருக்கு இன்னும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது கோளாறு இல்லை. சட்டத்தின் எல்லையே அவ்வளவுதான்.

2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 'மறக்கப்படும் உரிமை'யின்படிதான், அதாவது உங்கள் பெயரைத் தேடும்போது வரும் பழைய முடிவுகளை நீக்கச் சொல்லும் உரிமையின்படிதான், நீக்கியிருப்பார்கள். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் உலகம் முழுக்க நீக்கச் சொல்லி மல்லுக்கட்டியது. 2019-ல் அதே நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நீக்கினால் போதும், அதற்கு வெளியே ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டது. உங்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது. இல்லாவிட்டால் எந்த அரசும் தனக்குப் பிடிக்காததை உலகத்துக்கே மறைத்துவிடலாம். கனடா உச்ச நீதிமன்றம் 2017-ல் வேறொரு வழக்கில், உலகம் முழுக்க நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு இடப்பட்ட உத்தரவை உறுதிசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், அமெரிக்காவுக்குள் அது செல்லாதபடி தடுத்துவிட்டது.

அதனால் கூகுளோடு மறுபடி போராட வேண்டாம். செய்தி வெளியிட்ட தளத்துக்கே எழுதுங்கள். பத்திரிகைகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, எனவே மிரட்டாமல் பணிவாகக் கேளுங்கள். முழுச் செய்தியையும் எடுக்கத் தயங்குவார்கள். பெயரை மட்டும் நீக்கவோ, அந்தப் பக்கத்துக்கு 'நோஇன்டெக்ஸ்' குறி (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி) போடவோ கேட்டுப் பாருங்கள். அந்தக் குறி விழுந்துவிட்டால், கூகுள் அடுத்தமுறை பக்கத்தைப் படிக்கும்போது எல்லா நாட்டுத் தேடலிலிருந்தும் எடுத்துவிடும்.